ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடிய கதை



"என்ன டீச்சர், ரொம்ப நாளா ஒண்ணும் எழுதலையே" என்று போன மாதம் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். இப்போது எழுத ஒரு காரணம் கிடைத்துவிட்டது. கொஞ்சம் நீளமான பதிவு. காபி கையில் இருக்கும்போது படியுங்கள். உங்களில் பலர் வீட்டில் கணினியில் விளையாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

மகள் வயிற்றுப் பேரன் திருப்பூரில் எட்டாம் வகுப்புப் படிக்கிறான். விடுமுறைக்கு லேப்டாப்பும் கையுமாக வந்தான். வருவதற்கு நாலைந்து நாள் முன்புதான் அது மிகவும் மெதுவாக ஓடுகிறது என்று ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் 'ரீசெட்' போட்டுக் கொடுத்துவிட்டார்கள். படங்கள் இருந்தன, பள்ளிக்கூடத்து வேலைகள் இருந்தன. விளையாட்டு மட்டும் இல்லை. மைன்கிராஃப்ட் என்று ஒரு விளையாட்டு. தெரியாத பெரியவர்களுக்காகச் சொல்கிறேன்: கட்டை கட்டையாக அடுக்கி வீடு, கிணறு, மலை, தோட்டம் என்று எதை வேண்டுமானாலும் கட்டலாம். கட்டியதை ஒரு 'உலகம்' என்று பெயர் வைத்துச் சேமித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, என் கைப்பேசி இணையத்தைப் பிடித்து, அவன் அதைத் திரும்ப இறக்கினான். திறந்து பார்த்தால் உலகங்களின் பட்டியல் வெறுமையாக இருந்தது.

"ஆயா, வீடு போச்சு" என்றான்.

எந்த வீடு என்று உறவுகளுக்குத் தெரிந்திருக்கும். 2015 மழையில் சுவர் இறங்கி, அடுத்த வருடம் நாங்கள் இடித்த பழைய ஓட்டு வீடு. அது இடிபடும்போது இவன் கைக்குழந்தை, பார்த்த நினைவே கிடையாது. போன இரண்டு விடுமுறையும் இவனும் இவன் தாத்தாவும் ஒரே நாற்காலியில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து அந்த வீட்டைத்தான் அதில் கட்டினார்கள். "நடைக்கு அடுத்து முற்றம்டா, முற்றத்துக்கு நாலு பக்கமும் தாழ்வாரம், நெல் குதிர் தெற்கு அறையில" என்று அவர் சொல்லச் சொல்ல இவன் அடுக்கினான். அந்த வீட்டை நாங்கள் ஒழுங்காக ஒரு படம்கூடப் பிடித்து வைக்கவில்லை. கல்யாணப் படங்களில் பின்னால் ஒரு தூணும் அரைச் சுவரும் தெரியும், அவ்வளவுதான். ஐப்பசியில் அவரும் போய்விட்டார்.

"கேம்தானேடா, மறுபடி கட்டிக்க" என்றாள் என் மகள்.

"கட்டலாம்மா. தாத்தா சொல்லணுமே" என்றான்.

நான் கணினி வல்லுநர் இல்லை. ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடித்து, ஒன்றாம் வகுப்புக்கு 'அ' போட்டுக் கொடுத்த இடைநிலை ஆசிரியை. முதன்முதலில் மவுஸ் பிடித்ததே வட்டார வள மையப் பயிற்சியில்தான். ஆனால் திருநாவலூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, காணாமல் போன ஒன்றை எங்கே தேட வேண்டும் என்ற பாடம் ஊர்க் கதையிலேயே இருக்கிறது. அதனால் லேப்டாப்பை வாங்கி, "இனிமேல் எதையும் தொடாதே" என்று சொல்லி ஓரமாக வைத்தேன். தொடாதே என்று ஏன் சொன்னேன் என்பது பின்னால் வரும்.

சுந்தரர் நம் ஊர்க்காரர். சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்து, திருமுனைப்பாடி நாட்டு அரசர் நரசிங்க முனையரையரிடம் வளர்ந்தவர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தில் வரும் அவருடைய இரண்டு நிகழ்ச்சிகளை வகுப்பில் நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

முதலாவது, திருமணம் நின்ற கதை. புத்தூரில் மணப்பந்தல். ஒரு கிழவர் வந்து, "நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது" என்கிறார். சுந்தரர் கோபத்தில் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். கிழவர் அசரவில்லை. நீ கிழித்தது படி ஓலை, மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருக்கிறது என்கிறார். அங்கே அவையைக் கூட்டி மூல ஓலையைக் காட்டுகிறார். அவையினர் அதோடு விடவில்லை. பாட்டனார் கையெழுத்துள்ள வேறொரு ஓலையை எடுத்துவரச் செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். மூலம் ஓரிடம், படி ஓரிடம், சரிபார்க்க மூன்றாவதாக ஒன்று. பக்கத்து ஊர் திருவெண்ணெய்நல்லூரில் நடந்ததாகச் சொல்லப்படும் இந்த வழக்கைவிட நல்ல 'பேக்அப்' பாடம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது, பொன் கதை. திருமுதுகுன்றத்தில், அதாவது விருத்தாசலத்தில், அவருக்குக் கிடைத்த பன்னிரண்டாயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்று புராணம் சொல்கிறது. போடும் முன் அதிலிருந்து ஒரு துண்டை மாதிரிக்கு வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்ததை அந்த மாதிரியோடு உரைத்துப் பார்த்தார்கள். கமலாலயக் கரையில் மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் இருக்கிறார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுகிறான் என்று நாம் கிண்டலுக்குச் சொல்கிறோம். ஆனால் கணினியில் காணாமல் போகும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஆற்றில் போடப்பட்டுக் குளத்தில் கிடப்பவைதான். காரணம், இந்தச் சேமிக்கும் இடம் பத்து வருடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த வரலாறு தெரிந்தால் எந்தக் குளத்தில் கை விடுவது என்று தெரியும்.

ஆரம்பத்தில் சேமிப்பே கிடையாது. 1978-ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் எந்திரத்தில் அதிகபட்ச மதிப்பெண் திரையில் மேலே நிற்கும். இரவு கடைக்காரர் மின்சாரத்தை நிறுத்தினால் அதுவும் போய்விடும். மறுநாள் எல்லாருக்கும் பூஜ்யம். கரும்பலகையை அழித்துவிட்டுப் போவது மாதிரி.

வீட்டுக் கணினிகள் வந்தபோது கேசட்டில் பதிந்தார்கள். நாம் டி.எம்.எஸ். பாட்டுக் கேட்ட அதே கேசட்தான். 1984-ல் நடுவண் அரசு 'கிளாஸ்' என்று ஒரு திட்டம் போட்டு, சில பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ என்ற இங்கிலாந்துக் கணினியைக் கொடுத்தது. அதே 1984-ல் அதே கணினிக்கு எலைட் என்ற விண்வெளி வியாபார விளையாட்டு வந்தது. விண்வெளி நிலையத்தில் போய் நின்றால் உங்கள் பணம், சரக்கு, கப்பல் எல்லாவற்றையும் கேசட்டிலோ வட்டிலோ எழுதி வைத்துக்கொள்ளலாம். கேசட்டில் எந்த எண்ணிலிருந்து பதிந்தோம் என்று குறித்து வைக்காவிட்டால் அடுத்த முறை அதன் மேலேயே வேறொன்று பதிந்துவிடும். அண்ணன் பதிந்து வைத்த பாட்டின் மேல் தம்பி தன் குரலைப் பதிந்து அடி வாங்கியது எத்தனை வீட்டில் நடந்தது! அந்த அடி இன்றைக்கும் பொருந்தும். ஒரு கோப்பு காணோம் என்றால், அது அழிந்தே போயிருந்தால்கூட, அந்த இடத்தின் மேல் வேறொன்று எழுதப்படும் வரை மீட்க வழி இருக்கலாம். புதிதாக எதையாவது இறக்குவதும் நிறுவுவதும், அதே பெயரில் புது ஆட்டம் தொடங்குவதும் அண்ணன் கேசட்டில் தம்பி பேசுவதுதான். அதனால்தான் தொடாதே என்றேன். இப்போதைய எஸ்எஸ்டி வட்டுகளில் நிலைமை இன்னும் மோசம். அழித்த இடத்தை அவை தாமாகவே துடைத்துவிடுகின்றன.

ஜப்பானில் வேறு வழி பிடித்தார்கள். 1986-ல் வந்த டிராகன் குவெஸ்ட் என்ற விளையாட்டில், ஆட்டத்தை நிறுத்தும்போது இருபது எழுத்தில் ஒரு மந்திரம் தரும். நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த முறை அதை உள்ளிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதை 'உயிர்ப்பிக்கும் மந்திரம்' என்றே அழைத்தார்கள். ஒரு எழுத்துப் பிழைத்தாலும் போச்சு. ஏடு பெயர்த்து எழுதியவர்கள் 'ந'வையும் 'ற'வையும் மாற்றி எழுதியதில் நம் பழைய நூல்களில் எத்தனை பாடபேதம்! ஜப்பானியக் குழந்தைகளும் அதையேதான் செய்தார்கள். பக்கம் பக்கமாக எழுத்துப் பயிற்சி என்ற வகையில் ஒரு ஆசிரியையாக எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது.

அடுத்தது பேட்டரி. தி லெஜண்ட் ஆஃப் செல்டா விளையாட்டு 1987-ல் அமெரிக்காவுக்குப் போனபோது, அதன் கேட்ரிட்ஜுக்குள் ஒரு சின்ன பேட்டரி வைத்து அனுப்பினார்கள். டிவியை நிறுத்தினாலும் அந்த பேட்டரி நினைவைக் காத்துக்கொண்டிருக்கும். பல வருடம் கழித்து பேட்டரி தீர்ந்தால் நினைவும் தீரும். நம் பிள்ளைகள் தொண்ணூறுகளில் கடைத்தெருவில் வாங்கிய வீடியோ கேம் கேட்ரிட்ஜ்களில் பெரும்பாலும் அந்த பேட்டரியும் கிடையாது. கான்ட்ரா ஆடினால் ஒரே மூச்சில் ஆடி முடிக்க வேண்டும். மின்வெட்டு வந்தால் முதலிலிருந்து.

பிறகு உங்கள் காலம். 2003-ல் கணினிக்கு ஜிடிஏ வைஸ் சிட்டி வந்தது. அதை எங்கே போய் ஆடினீர்கள் என்று எனக்குத் தெரியாது என்று இன்னும் நினைத்துக்கொண்டிருந்தால் அது உங்கள் பெருந்தன்மை. உளுந்தூர்பேட்டையில் பிரவுசிங் சென்டர் வாசலில் எத்தனை பள்ளிச் சீருடை நின்றது என்று பேருந்திலிருந்தே பார்த்தவள் நான். அந்த விளையாட்டில் சேமிக்கும் இடத்தைக் காட்டும் அடையாளம் ஒரு கேசட் என்று பேரன் சொன்னான். கேசட்டைக் கையால் தொடாத தலைமுறைக்கும் சேமிப்பு என்றால் கேசட் படம்! அதன் கோப்புகள் 'மை டாக்குமெண்ட்ஸ்' ஃபோல்டருக்குள் எட்டு இடங்களாக இருக்கும். ஆனால் பிரவுசிங் சென்டர்களிலும் பள்ளி ஆய்வகங்களிலும் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் போட்டு வைத்திருப்பார்கள். கணினியை மறுபடி இயக்கினால் காலையில் இருந்த நிலைக்கே திரும்பிவிடும். வைரஸ் வராமல் இருக்க அந்த ஏற்பாடு. நேற்று முழுக்க ஆடிச் சேமித்தது இன்று இருக்காது. "எவனோ அழிச்சிட்டான்" என்று பக்கத்துத் தெருப் பையனோடு சண்டை போட்டவர்கள் இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்றால், அவன் அழிக்கவில்லையப்பா, சமாதானமாகிவிடுங்கள்.

2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்தபோதுதான் பெரிய குழப்பம். அதற்கு முன் பல விளையாட்டுகள் தாங்கள் நிறுவப்பட்ட ஃபோல்டருக்குள்ளேயே, 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற இடத்துக்குள், சேமித்துக்கொண்டிருந்தன. பாதுகாப்புக்காக விஸ்டா அங்கே எழுதுவதைத் தடுத்தது. தடுத்தால் பழைய விளையாட்டுகள் எல்லாம் நின்றுவிடுமே! அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். விளையாட்டு அங்கே எழுதுவதாக நினைத்துக்கொண்டிருக்கும், விண்டோஸ் அதை யாருக்கும் சொல்லாமல் 'விர்ச்சுவல் ஸ்டோர்' என்ற இன்னோர் இடத்துக்குத் திருப்பிவிடும். பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் விர்ச்சுவல் ஸ்டோர். மணிமுத்தாற்றில் போட்டால் கமலாலயம்! பழைய விளையாட்டு எதையாவது இன்று ஆடி, சேமித்தது கண்ணில் படவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள். அதே விஸ்டாவில் 'சேவ்டு கேம்ஸ்' என்று தனியாக ஒரு ஃபோல்டரும் வைத்தார்கள். எல்லா விளையாட்டுகளும் அதில்தான் சேமிக்க வேண்டும் என்பது எண்ணம். சில கேட்டன, பல கேட்கவில்லை. பள்ளியில் சைக்கிள் நிறுத்துமிடம் கட்டினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். உங்களில் பலருக்கு வீட்டின் முதல் கணினி அதுதான். முதலில் வந்தவற்றில் இரண்டு இயங்குதளம் இருந்தது. ஒன்று விண்டோஸ், இன்னொன்று சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். கணினியைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும். ஒன்றில் சேமித்ததை மற்றொன்று தானாகத் தேடிக் காட்டாது. என் மாணவி ஒருத்தி பிளஸ் டூ படிக்கும்போது, சதுரங்க ஆட்டம் போய்விட்டது என்று அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். அவள் தம்பி அதை மற்றதில் திறந்து வைத்திருந்தான், அவ்வளவுதான். ஒரே வீடுதான், வாசல் இரண்டு.

இப்போது மேகக்காலம். 2008-ல் ஸ்டீம் தளம் சேமித்த ஆட்டங்களை இணையத்தில் வைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. இன்று பல விளையாட்டுகளுக்கு அது உண்டு. நல்ல வசதிதான். ஆனால் கணினியில் ஒன்றும் மேகத்தில் ஒன்றுமாக இரண்டு பதிப்பு இருந்தால், எதை வைத்துக்கொள்ள என்று ஒரு கேள்வி வரும். பிள்ளைகள் படிக்காமலே அழுத்துவார்கள். புதிதாக நிறுவிய வெறும் ஆட்டம் இரண்டு வருட ஆட்டத்தை விழுங்கிவிடும். அங்கே தேதியைப் பார்த்து அழுத்த வேண்டும்.

ஒன்டிரைவ் என்பதும் அப்படியே. 'டாக்குமெண்ட்ஸ்' ஃபோல்டரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு முகவரியை மாற்றிவிடும். நம் ஊரையே பாருங்கள். நான் பிறந்தபோது தென்னாற்காடு மாவட்டம், 1993-லிருந்து விழுப்புரம் மாவட்டம், 2019-லிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம். திருநாவலூர் ஓர் அடி நகரவில்லை, ஆனால் உறையின் மேல் பழைய மாவட்டத்தை எழுதினால் கடிதம் சுற்றிக்கொண்டுதான் வரும். விளையாட்டு பழைய முகவரியில் தேடும், கோப்பு புது முகவரியில் இருக்கும். 2018 அக்டோபரில் உண்மையிலேயே ஒரு விபத்து நடந்தது. விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு புதுப்பிப்பு, இப்படி முகவரி மாற்றி வைத்திருந்த சிலருடைய பழைய ஃபோல்டர்களை, காலியானவை என்று எண்ணி, உள்ளே இருந்ததோடு சேர்த்து அழித்துவிட்டது. அக்டோபர் 2-ல் வெளியிட்டதை மைக்ரோசாஃப்ட் சில நாளிலேயே நிறுத்திவைத்தது.

இன்னொன்று, இது நம்மவர்களுக்கே உரியது. ஆசை ஆசையாகப் பயனர் பெயரைத் தமிழில் வைக்கிறோம். நானும் வைத்தேன். சில விளையாட்டுகளுக்கு ஆங்கில எழுத்து அல்லாத பெயருள்ள ஃபோல்டரில் எழுதத் தெரியாது. சேமித்துவிட்டேன் என்று சொல்லும், எங்கும் இருக்காது. தவறு தமிழில் இல்லை, அதை எழுதிய நிரலில். ஆனாலும் விளையாடும் பிள்ளைக்குத் தனியாக ஆங்கில எழுத்தில் ஒரு கணக்கு வைத்துக்கொடுப்பது வேலையைக் குறைக்கும்.

சரி, பேரன் லேப்டாப்புக்கு வருகிறேன். முதலில் அவனைக் கேள்வி கேட்டேன். எதில் சேமித்தாய்? எந்தப் பெயரில் உள்ளே நுழைந்தாய்? கடைக்குக் கொடுத்தது என்றைக்கு? குழந்தை பென்சிலைத் தொலைத்துவிட்டு வந்தால் கேட்கிற கேள்விகள்தான், கடைசியாக எங்கே எழுதினாய் என்று. அவன் கணக்கின் பெயர் மாறவில்லை. தற்காலிகக் கணக்கிலும் நுழையவில்லை. (சில சமயம் விண்டோஸ் பழைய கணக்கைத் திறக்க முடியாமல் தற்காலிகக் கணக்கு ஒன்றில் உட்கார வைத்துவிடும். அப்போது எல்லாமே காணாமல் போனதுபோல் இருக்கும். மறுபடி இயக்கிப் பார்த்தால் பல நேரம் சரியாகும்.) கடையில் கொடுத்து ஆறு நாள் ஆகியிருந்தது.

மைன்கிராஃப்ட் கணினிக்கு இரண்டு வகையாக வருகிறது. இவனுடையது ஜாவா வகை. அது தன் உலகங்களை ஆப்டேட்டாவுக்குள் ரோமிங், அதற்குள் புள்ளி வைத்துத் தொடங்கும் மைன்கிராஃப்ட் ஃபோல்டர், அதற்குள் சேவ்ஸ் என்ற இடத்தில் வைக்கும். ஆப்டேட்டா மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டர். மேலே 'வியூ'வில் போய் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதை அழுத்தினால்தான் கண்ணில் படும். அழுத்திப் பார்த்தோம். சேவ்ஸ் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. இது அவன் திண்ணையில் புதிதாக நிறுவியதால் வந்தது. பழையது எங்கே?

'என் கோப்புகளை வைத்துக்கொள்' என்று சொல்லி ரீசெட் போட்டால் படங்களும் ஆவணங்களும் தங்கும். செயலிகளும் ஆப்டேட்டாவும் தங்காது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, "பைல் எல்லாம் இருக்கு" என்றார், இருந்தன. ஆனால் விண்டோஸ் பழையதை உடனே எரித்துவிடாது. 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்ற ஃபோல்டரில் சி டிரைவில் ஒதுக்கி வைக்கும். அதற்குக் கெடு உண்டு. பத்து நாள் ஆனதும் தானே அழித்துவிடும். எங்களுக்கு இன்னும் நான்கு நாள் பாக்கி.

திறந்தோம். அனுமதி இல்லை, தொடரவா என்று கேட்டது. தொடர் என்றோம். யூசர்ஸ், அவன் பெயர், ஆப்டேட்டா, ரோமிங், மைன்கிராஃப்ட், சேவ்ஸ். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறக்கத் திறக்க அவன் மூச்சு விடவே இல்லை. கடைசியில் மூன்று ஃபோல்டர் இருந்தது. ஒன்றின் பெயர் 'தாத்தா வீடு'.

உடனே எடுத்துப் போட அவன் கை போயிற்று. விடவில்லை. முதலில் பென் டிரைவில் ஒரு படி. நகர்த்துவது இல்லை, படி எடுப்பது. பிறகு மாற்றுரைத்துப் பார்த்தோம். கடைசியாகத் திருத்திய தேதி காலாண்டு விடுமுறை நாளோடு ஒத்துப்போயிற்று. அளவு பூஜ்யமாக இல்லை. (பெயர் மட்டும் இருந்து அளவு 0 கேபி என்று காட்டினால் உமிதான், அரிசி இல்லை.) உள்ளே 'லெவல்' என்ற கோப்பும், அதே பெயரில் 'ஓல்டு' என்று முடியும் இன்னொன்றும் இருந்தன. மைன்கிராஃப்ட் தானே முந்தைய படி ஒன்றை வைத்துக்கொள்கிறது. முதலாவது கெட்டுப்போய் உலகம் பட்டியலில் வராவிட்டால், இரண்டாவதற்கு முதலாவதின் பெயரை வைத்துப் பார்க்கலாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

படி எடுக்காமல் எதையும் பிரிக்கக் கூடாது என்பது நம் மண்ணில் ஆயிரம் வருடத்துக்கு மேலான வழக்கம். காட்பாடி அருகே திருவல்லம் கோயிலில் பல்லவர் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலைப் பிரித்துத் திரும்பக் கட்டும் முன் இருந்த கல்வெட்டின் படி இது என்று அதிலேயே குறித்திருக்கிறார்கள். சுவரை இறக்கும் முன் அதில் எழுதியிருந்ததைப் பார்த்து வைத்து, புதுச் சுவரில் மறுபடி வெட்டியிருக்கிறார்கள். தமிழ் ஏடுகளுக்கு இந்தப் பாக்கியம் எப்போதும் கிடைக்கவில்லை. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் கிடந்து, நம்பியாண்டார் நம்பி திறக்கச் செய்தபோது கறையான் தின்றதுபோக மிச்சம்தான் கிடைத்தது என்பது மரபு. நம் ஊர் சுந்தரர் பாட்டும் அந்த அறையிலிருந்து வந்ததுதான். நாங்கள் 2016-ல் வீட்டை இடித்தபோது எனக்குத் திருவல்லமும் தெரியும், தில்லையும் தெரியும். நாலு பக்கமும் நின்று நாலு படம் எடுக்கத் தோன்றவில்லை. ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் விலை பேசிக்கொண்டிருந்தோம்.

ஃபோல்டரைப் புது 'சேவ்ஸ்'க்குள் போட்டு விளையாட்டைத் திறந்தான். பட்டியலில் 'தாத்தா வீடு' வந்தது. உள்ளே போனான். நடை, முற்றம், தாழ்வாரம், தெற்கு அறையில் மஞ்சள் கட்டையாக நெல் குதிர். திண்ணைத் தூண் நான்கும் இருந்தன. மகள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.

அப்புறம்தான் கவனித்தேன். அந்த விளையாட்டிலும் சூரியன் கிழக்கேதான் உதிக்கிறது. வாசலை வைத்துப் பார்த்தால் கிணறு மேற்கே, கொல்லை ஓரமாக இருந்தது. என் நினைவில் நம் கிணறு வடகிழக்கு மூலையில், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில். "தப்பா வெச்சுட்டியே கண்ணு" என்றேன்.

"இல்ல ஆயா, தாத்தாதான் சொன்னாரு. முதல்ல கிணறு இங்கதான் இருந்துச்சாம். அவரு சின்னப் பையனா இருக்கும்போதே தூர்த்துட்டாங்களாம். நீங்க பார்த்தது அப்புறம் வெட்டுனது."

நாற்பது வருடம் அந்த வீட்டில் தண்ணீர் சேந்தியிருக்கிறேன். இது எனக்குத் தெரியாது. பெரிய மாமா வீட்டுப் பிள்ளைகள், பண்ருட்டிச் சின்னத்தை வகையறா, யாருக்காவது அந்தப் பழைய கிணறு பற்றிக் காதில் விழுந்திருந்தால் கீழே எழுதுங்கள். எந்த வருடம் தூர்த்தார்கள், துலா இருந்ததா கவலையா, உறைக் கிணறா கல் கட்டா என்று பேரன் கேட்கிறான். பள்ளி திறக்கும் முன் கட்டி முடிக்க வேண்டுமாம். பென் டிரைவ் படி ஒன்று என் பீரோவில் இருக்கிறது. இன்னொன்றைத் திருப்பூருக்குக் கொடுத்தனுப்புகிறேன்.